பக்கமும் பகலும்

இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. பள்ளி நூலகத்தின் நூலேற்றுப் பதிவேட்டையும் சாவியையும் யாரிடம் ஒப்படைப்பது என்று கேட்டேன். "பூட்டி ஆபீஸ்ல குடுத்துடுங்க சார், இப்பதான் எல்லாம் போன்லயே கிடைக்குதே" என்றார்கள். முப்பத்தொரு வருஷ வேலைக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முதலில் வரும்போது நான் கதைப் புத்தகம் கொடுப்பதில்லை. க்ரியா அகராதியைக் கொடுத்து, 'பக்கம்' எங்கே இருக்கிறது பார் என்பேன். ஏபிசிடியைத் தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளையும் இங்கே திணறும். பகடி, பகல், பகை என்று இறங்கிக்கொண்டே போய் 'பங்கு' வந்ததும், "இதுல இல்ல சார்" என்று மூடிவிடும். மெய் முந்தி, உயிர்மெய் பிந்தி என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுவாரம் 'அம்மா'வை 'அமைதி'க்குக் கீழே தேடுவார்கள். அதனால் விதியைச் சொல்வதையே விட்டுவிட்டேன். "இல்லைங்கிறியே, எங்கெங்க பார்த்தே?" என்று மட்டும் கேட்பேன்.

ஒரு பையன் மூன்று வாரம் என்னை முறைத்துக்கொண்டே தேடினான். நாலாம் வாரம் விரல் 'பகல்'-இலிருந்து மேலே ஏறியது. "புள்ளி வெச்சது முன்னாடியே உக்காந்திருக்கு சார்!" பிறகொரு நாள் 598-இல், பறவைகள் தட்டில், சாலிம் அலி புத்தகத்தைக் காணோம். அவன் திரும்பிப் போகவில்லை. பக்கத்துத் தட்டைத் துழாவினான், இரவல் பதிவேட்டைப் புரட்டினான், எடுத்துப் போனவளை வகுப்பிலேயே போய்ப் பிடித்தான்.

போனுக்கு 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. எதைக் கேட்டாலும் எதையாவது நீட்டும். நூலகர் தினத்தன்று எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்த தேதியைக் கேட்பேன். 1892 ஆகஸ்ட் 12 என்று போனைப் பார்த்துப் படிப்பார்கள். 9 என்று போட்ட புத்தகத்தை எடுத்து முன்னால் வைப்பேன். முன்பெல்லாம் "எது சார் சரி?" என்று நாலு பேராவது அலமாரிக்கு ஓடுவார்கள். போன வருஷம் "எதை எழுதினா மார்க் சார்?" என்றார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வாரத்துக்கு ஒரு நூலகப் பிரிவேளை, அதுவும் கால அட்டவணையில் மட்டும். ரங்கநாதனும் கணக்கு வாத்தியார்தான், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர். எங்கள் கணக்கு வாத்தியார்கள் நூலகப் பக்கம் வருவது அந்தப் பிரிவேளையைக் கேட்டு வாங்கிப் போகத்தான்.

நேற்று இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. அகராதியில் 'ப' வரிசைத் தாள்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. வந்தவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'சேதம்' என்று குறித்துக்கொண்டார்.