ஸ்லீவில் ஒரு படி

பம்பின் தண்டு உடலுக்குள் நுழையும் இடத்தில் இடைவெளி இருந்தே தீரும். தண்டை இறுக்கினால் சுழலாது. தளர்த்தினால் உள்ளே இருப்பது ஒழுகிவிடும். நெடுங்காலம் இதற்குக் கிளாண்ட் பேக்கிங்தான் வழியாக இருந்தது. கிராபைட் பூசிய கயிற்றைத் தண்டைச் சுற்றித் திணித்து, நட்டை முடுக்குவார்கள். சொட்டுச் சொட்டாக ஒழுகும்வரைதான் பேக்கிங் நன்றாக இருக்கும். சொட்டு நின்றால் கயிறு கருகி, தண்டின் மேல் மாட்டிய உறையான ஸ்லீவில் பள்ளம் விழும். வெறும் தண்ணீருக்கு இது போதும். நாப்தாவுக்கும் அமிலத்துக்கும் ஆகாது.

மெக்கானிக்கல் சீலில் இரண்டு வளையங்கள். ஒன்று தண்டோடு சுற்றும், மற்றது பம்பின் உடலோடு பொருத்திய கிளாண்டில் அசையாமல் இருக்கும். பெரும்பாலும் ஒன்று கார்பன், எதிரே சிலிகான் கார்பைடு. இரண்டின் முகங்களும் தட்டையாக ஒன்றோடொன்று பொருந்தி நிற்க, பின்னாலிருந்து ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். முகங்களுக்கு நடுவே திரவம் ஒரு மைக்ரான் அளவில் மெல்லிய படலமாகப் பரவி, அவற்றை உராயாமல் காக்கிறது. ஒப்பிட்டால், தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான்.

அழுத்தம் கூடும்போதுதான் சிக்கல். பம்புக்குள் இருக்கும் திரவமே சுற்றும் வளையத்தின் முதுகில் மோதி, எதிர் முகத்தின்மேல் அழுத்துகிறது. முகத்தின் வெளிவிட்டம் 60 மி.மீ., உள்விட்டம் 50 மி.மீ., சுற்றும் வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்காரும் தண்டு 48 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதுகில் அழுத்தம் விழும் பரப்பு, முகப் பரப்பைப் போல 1.18 மடங்கு. 20 பார் அழுத்தத்தில் மூடும் விசை சுமார் 2,036 நியூட்டன். முகங்களுக்கு நடுவே நுழையும் திரவம், அழுத்தம் சீராகக் குறைவதாகக் கொண்டால், 864 நியூட்டன் அளவுக்கு எதிர்த்துத் தள்ளும். மிச்சம் 1,172 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 120 கிலோ பாரம். இந்தப் பாரத்தில் வேகமாகச் சுற்றினால் படலம் சூடேறி ஆவியாகும். பிறகு வளையங்கள் நேராக ஒன்றையொன்று தேய்க்கும்.

பேலன்ஸ்டு சீல் இதற்குச் செய்வது ஒன்றே ஒன்று: ஸ்லீவில் ஒரு படி வைக்கிறது. ஓ-ரிங் உட்காரும் இடத்தில் ஸ்லீவ் 53 மி.மீ. இருக்கும், முகங்களை நெருங்கும்போது 48-க்கு இறங்கும். முகத்தின் அளவு மாறவில்லை. ஆனால் முதுகில் அழுத்தம் விழும் பரப்பு சுருங்கி, விகிதம் 0.72 ஆகிறது. அதே 20 பாரில் மூடும் விசை 1,242 நியூட்டன். எதிர்விசை போக மிஞ்சுவது 378. முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. சில மில்லிமீட்டர் படி இவ்வளவு பாரத்தை இறக்கிவிடுகிறது என்பது வியக்க வைக்கும் விஷயம். அப்படியானால் இன்னும் குறைத்தால் என்ன என்று தோன்றும். விகிதம் 0.6-ஐ நெருங்கினால் மூடும் விசையும் திறக்கும் விசையும் கிட்டத்தட்டச் சமமாகி, சிறு அதிர்விலும் முகங்கள் பிரிந்துவிடும். அதனால் வழக்கத்தில் இருப்பது 0.65 முதல் 0.85 வரை. சுத்திகரிப்பு ஆலைகளுக்காக 1994-இல் முதலில் வெளிவந்த ஏ.பி.ஐ. 682 தரநிலை பேலன்ஸ்டு சீலையே கேட்கிறது. 25,000 மணி நேரம் நிற்காமல் உழைப்பதையே இலக்காக வைக்கிறது.

இந்தக் கணக்கு முழுக்க முகம் தட்டையாக இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அந்தத் தட்டையை உண்டாக்குவது லேப்பிங் தொழிலாளியின் கை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சீல் பழுதுபார்க்கும் ஒரு சிறு பட்டறையில் ஒரு பகல் முழுதும் நின்றால் அது விளங்கும். வட்டமான வார்ப்பிரும்புத் தட்டு மெதுவாகச் சுற்றுகிறது. வைரத்தூள் கலந்த குழம்பு மேலே சொட்டுகிறது. சிலிகான் கார்பைடு வளையங்கள் எடைக்கட்டிகளின் கீழே தலைகுப்புறக் கிடந்து தேய்கின்றன. தொழிலாளியின் விரலிடுக்குகளில் சாம்பல் நிறம் கழுவினாலும் போகாமல் படிந்திருக்கிறது. காலையிலிருந்து அவர் உட்காரவில்லை. தட்டு நடுவில் குழிந்தால் வளையம் புடைக்கும், தட்டு புடைத்தால் வளையம் குழியும். ஆகவே வளையத்தைத் தேய்ப்பதோடு தட்டையும் ஓயாமல் சீர்செய்துகொண்டே இருக்க வேண்டும்.

தேய்த்து முடித்ததும் அசிட்டோனில் துடைத்து, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி மேசையில் வைக்கிறார். உடனே பார்ப்பதில்லை. கைச்சூட்டிலேயே வளையம் நெளியும் என்பதால் ஆறவிடுகிறார். பிறகு ஆப்டிகல் ஃபிளாட் என்னும் தட்டைக் கண்ணாடியை மேலே வைத்து ஹீலியம் விளக்கின் கீழ் தள்ளுகிறார். வளையத்தின் மேல் கருப்பும் வெளிச்சமுமாகக் கோடுகள் விழுகின்றன. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள உயர வேறுபாடு 0.29 மைக்ரான். கோடு நேராக ஓடினால் முகம் தட்டை. வளைந்தால், ஒரு நேர்கோடு எத்தனை கோடுகளை வெட்டுகிறது என்று எண்ணுகிறார்கள். இரண்டு, மூன்றுக்கு மேல் போனால் மறுபடி தட்டுக்கு.

"கோடு வளையுதுண்ணே," என்கிறான் பக்கத்தில், ஆறாத வளையத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்த பயிற்சிப் பையன்.

"அவசரப்படாதப்பா, ஆறட்டும். அப்புறம் சொல்லு."

ஆறியபின் கோடுகள் நேராயின. சோதனைச் சான்றிதழில் கோடுகளின் எண்ணிக்கை ஏறும். காத்திருக்கத் தெரிந்த அந்தக் கண்ணுக்கு அதில் இடமில்லை. இந்தத் தொழிலில் மனதை உறுத்துவது அதுதான்.

கழற்றி வந்த பழைய சீல்கள் இன்னொரு மேசையில் கிடக்கின்றன. அவற்றைப் படிப்பதும் இவர்கள் வேலையே. கார்பன் விளிம்பு பொரிந்திருந்தால் திரவம் இடையில் கொதித்து முகங்கள் திறந்து திறந்து அடித்திருக்கின்றன. தேய்ந்த தடம் எதிர் முகத்தைவிட அகலமாக இருந்தால் தண்டு ஆடியிருக்கிறது. சீலைத் திட்டிப் பயனில்லை, பேரிங்கைப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பம்பில் ஈ.பி.டி.எம். ரப்பர் போட்டிருந்தால் ஓ-ரிங் ஊதிப்போய் ஸ்லீவில் நகராமல் சிக்கியிருக்கும். ஓ-ரிங் நகராவிட்டால் ஸ்பிரிங் தள்ளியும் முகம் முன்னே வராது. அந்தப் படியும் அந்தக் கணக்கும் அங்கே வீண்.

சீர்செய்த சீலை ஒரே தொகுப்பாக, அதாவது கார்ட்ரிட்ஜாகக் கோர்த்து, ஸ்பிரிங்கின் அமுக்கம் மாறாமலிருக்கக் கிளாண்டின் மேல் செட்டிங் கிளிப்புகள் மாட்டி அனுப்புகிறார்கள். ஆலையில் ஃபிட்டர் கிளாண்ட் போல்ட்டுகளை எதிரெதிராகச் சமமாக இறுக்கி, ஸ்லீவைத் தண்டோடு திருகுகளால் பிடித்தபின்தான் அந்தக் கிளிப்புகளைக் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, உரசல் இல்லையென்றால் மோட்டாரைப் போடலாம்.