விலாங்கின் நெடும்பயணம்

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பது நம் முன்னோர் வாக்கு. இருபக்கமும் உறவாடி நழுவுவோரைச் சுட்ட இதனினும் கூரிய தொடர் வேண்டுவதில்லை. ஆயினும், வகுப்பறையில் இதனை விளக்குந்தோறும் நமக்கு அம்மீனின்பால் இரக்கமே மிகுகின்றது. வாய்க்காலில் அகப்பட்ட விலாங்கைக் கையில் சாம்பல் தொட்டுப் பிடிக்கக் கற்பித்த நம் வாப்பாவும், அது எங்கிருந்து வந்ததென்று அறிந்தாரில்லை.

அது கடலிலே பிறந்து ஆற்றிலே வாழ்வது. ஆழ்கடலில் முட்டையினின்று வெளிப்படும் குஞ்சு, இலைபோல் தட்டையாய், கண்ணாடி போன்ற உடலோடு நீரோட்டத்தில் மிதந்து வரும். கரையை நெருங்கியதும் உருண்டு திரண்டு, கழிமுகம் புகுந்து, ஓட்டத்தை எதிர்த்து மேலேறும். பின்னர்ப் பல்லாண்டுகள் சேற்றிலும் கல்லிடுக்கிலும் பகலில் ஒளிந்து, இரவில் இரைதேடும். மழையிரவில் ஈர வரப்பின்மீது ஊர்ந்து வேறு நீர்நிலைக்குக் குடிபெயர்வதும் உண்டு. பாம்பென்று அடிபட்டு மடிவதும் உண்டு. முதிர்ந்தபின் கண் பெருத்து, மேனி வெள்ளிநிறம் பெற்று, உணவை ஒழித்துக் கடலுக்கு மீளும். அங்கே ஒருமுறை முட்டையிட்டு உயிர் துறக்கும்.

சேற்றிலிருந்து தோன்றுவதென்றே அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். ஐரோப்பிய விலாங்கு பிறப்பது சர்காசோக் கடலில் என்பதை டென்மார்க் அறிஞர் யோகன்னஸ் ஷ்மிட் 1922இல் வெளியிட்டார். ஜப்பானிய விலாங்கின் முட்டைகள் கடலில் கண்டெடுக்கப்பட்டதோ 2009இல்தான்!

இத்தகைய பயணிக்கு நம் தாமிரபரணி எவ்வழி விடுகின்றது? பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயல் அருகே கடல் சேருமுன் ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றுள் கடலினின்று வரும் குஞ்சு முதலில் எதிர்கொள்வது ஸ்ரீவைகுண்டம், அடுத்தது மருதூர். உழவர்க்கு அவை சோறிட்ட கைகள். அதனை மறுப்பார் யார்? ஆனால், கோடையில் கடைசி அணைக்குக் கீழே நன்னீர் மெலிந்துவிடுகின்றது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மழைக்காலத்தையே விலாங்கு நம்பியிருக்க வேண்டும்.

மேலைநாடுகளில் அணையோரம் ஒடுங்கிய சாய்தளம் அமைத்து, தூரிகை போன்ற குச்சங்களைப் பதித்து, நீரைக் கசியவிடுகின்றனர். இளவிலாங்குகள் அவற்றைப் பற்றி ஏறிவிடுகின்றன. அணையை இடிக்க வேண்டியதில்லை, பாசனமும் குறைவதில்லை. நம் மாணவருள் ஆற்றங்கரை ஊரினர் பலர். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் விளக்கேந்தி ஸ்ரீவைகுண்டம் அணையடிக் கரையில் நின்று, ஏறமாட்டாது திரும்பும் குஞ்சுகளை எண்ணிக் குறித்துவருவாராயின், நீர்வளத் துறைக்கு வரையவேண்டிய விண்ணப்பத்தை நம் துறையே வரைந்து தரும்.