அந்த டேப்பைச் சுற்றியது நான்தான்

எங்கள் வீட்டுக் காரின் டிக்கி கதவில் புகை வந்ததற்கு நான்தான் காரணம். அந்தப் பழியைச் சுமந்தவர் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் கார் எலக்ட்ரீஷியன் அண்ணன். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பெயர் தப்பியிருக்கும். மாதக்கணக்கில் நான் சொல்லவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்களுடையது ஹேட்ச்பேக் கார். டிக்கி கதவு மேலே தூக்கித் திறப்பது. நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர், பின்கண்ணாடியின் டீஃபாகர், சென்ட்ரல் லாக், உயரத்தில் எரியும் பிரேக் விளக்கு ஆகிய எல்லாவற்றுக்குமான வயர்கள் கூரையின் ஓரத்திலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் குழாய்க்குள் புகுந்து கதவுக்குப் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை அதே இடத்தில் மடங்கி நிமிர்கின்றன. வருஷக்கணக்கில் இப்படி மடங்கினால் உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும், மேலுறையும் வெடிக்கும். மூடிய குழாய்க்குள் நடப்பதால் வெளியே எதுவும் தெரியாது.

முதலில் நம்பர் பிளேட் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பிறகு வைப்பர் நின்றது. பிறகு ஃபியூஸ் அடிக்கடி போனது. ரப்பர் குழாயை நகர்த்திப் பார்த்தேன். சில வயர்கள் அறுந்திருந்தன, சிலவற்றில் உறை வெடித்துச் செம்பு தெரிந்தது. அறுந்த முனைகளை முறுக்கிச் சேர்த்தேன், இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன், குழாயைப் பழையபடி இழுத்து மூடினேன். எல்லாம் மறுபடி வேலை செய்தன. வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். அந்த மெச்சுதல் எனக்குப் பிடித்திருந்தது.

சில வாரங்களில் ஃபியூஸ் மறுபடி போனது. அப்போது செய்ததுதான் பெரிய தவறு. 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸைச் செருகினேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன். ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற என்பது எனக்குப் பாடமாகவே சொல்லித்தரப்பட்டது. வெடித்த வயர் கதவின் தகரத்தில் முழுதாக ஒட்டிக்கொண்டால் 20 ஆம்பியர் ஃபியூஸும் போய்விடும். அரைகுறையாக உரசும்போதுதான் ஆபத்து. ஃபியூஸை எரிக்கப் போதாத மின்சாரம் மெல்லிய வயரைச் சுடவைத்துக்கொண்டே இருக்கும். இது தெரிந்திருந்தும், கதவை மறுபடி பிரிக்க வேண்டுமே, என் வேலை உருப்படவில்லை என்று வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் மஞ்சள் ஃபியூஸைப் போட்டேன்.

அந்தக் காரை எடுத்துக்கொண்டு தங்கை குடும்பம் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குக் கிளம்பியது. பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது, பின்கண்ணாடி ஓரத்தில் புகை தெரிந்தது. மாப்பிள்ளை உடனே ஓரங்கட்டி எல்லோரையும் இறக்கிவிட்டு, பானட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் என் பங்கு எதுவும் இல்லை, முழுக்க அவருடைய சமயோசிதம்.

சில காலம் முன்பு ரிவர்ஸ் கேமரா பொருத்தியவர் அந்த எலக்ட்ரீஷியன். கேமரா வயரும் அதே ரப்பர் குழாய் வழியாகத்தான் போகிறது. அதனால் தவறு அவருடையதுதான் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை. "ஏம்ப்பா, என் பேரப்பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தியா?" என்று போனில் அவரிடம் கத்தினார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அவர் நேரில் வந்து குழாயைப் பிரித்தார். "ஐயா, இந்த டேப் நான் சுத்தினது இல்லீங்க. இந்த ஃபியூஸும் நான் போட்டது இல்லீங்க" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாதுப்பா" என்றேன். அதுவரை சும்மா இருந்தவன், அந்த இடத்தில் பொய் சொன்னேன்.

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. முழு வயரிங்கையும் சரிசெய்து கொடுத்தார். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பார்த்தார். உள்ளே செம்பு அறுந்திருந்தால் உறை மட்டும் ரப்பர்போல நீளும். மடங்கும் பகுதியில் இருந்த பழைய வயர்களை முழுதாக வெட்டி நீக்கி, நுண்ணிழைகள் கொண்ட சிலிக்கோன் வயரைக் கொஞ்சம் தளர்வாகப் போட்டார். டீஃபாகருக்கு அதிக மின்சாரம் வேண்டும் என்பதால் அதற்குத் தடித்த வயர். ஈயம் வைத்த இடம் விறைத்துப்போய் மடங்கினால் அதன் பக்கத்திலேயே ஒடியும். ஆகவே எந்த இணைப்பையும் குழாய்க்குள் வைக்காமல் கூரைப் பக்கமும் கதவுப் பக்கமும் தள்ளி வைத்தார். இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாதபடி முன்னும் பின்னுமாக அமைத்து, ஒவ்வொன்றுக்கும் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டார். மழைநீர் இறங்காதபடி ரப்பரை அழுத்திப் பொருத்திவிட்டு, சிவப்பு ஃபியூஸைத் திரும்பச் செருகினார். கூலி வாங்கவில்லை. தன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, தான் செய்யாத தவறுக்கு அவர் தன் கைக்காசைச் செலவழித்தார். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு, தெருவில் சிலர் அவரிடம் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். அது தெரிந்தும் நான் பேசவில்லை. கடைசியில், அப்பா ஒரு நண்பரிடம் அவரைப் பற்றி மறுபடி இழிவாகப் பேசியபோதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் முன்னாலேயே உண்மையைச் சொன்னேன். அன்றே அப்பாவும் நானும் கடைக்குப் போனோம். அப்பா மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டு, கூலியையும் சாமான் செலவையும் கொடுத்தேன். "அன்னைக்கே உங்க முகத்தைப் பார்த்துத் தெரிஞ்சுகிட்டேன் தம்பி. நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்" என்றார் அவர். விட்டுப்போன வாடிக்கையாளர்களின் வீடுகளுக்குப் போய் நானே விஷயத்தைச் சொன்னேன். சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவே இல்லை.

படிக்கிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் காரணத்தைத் தேடுங்கள், ஒருபோதும் பெரிய ஃபியூஸைப் போடாதீர்கள். வண்டியை எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கும்போது, அதில் நீங்கள் எங்கே கைவைத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். நீங்கள் மறைப்பதற்கான விலையை அவர் தன் பிழைப்பால் கொடுக்க நேரும்.