பள்ளிப்பட்டிலிருந்து துபாய் எவ்வளவு தூரம்?

கொசத்தலை ஆற்றங்கரையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள ஊர் பள்ளிப்பட்டு. 1960 ஏப்ரல் முதல் நாள் மாநில எல்லை திருத்தப்பட்டபோது, திருத்தணியோடு இவ்வட்டாரமும் சித்தூர் மாவட்டத்தினின்று பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது.

இங்கிருந்து வளைகுடா நாட்டிற்குப் பிழைக்கச் செல்லும் மகனிடம், "துபாய் எவ்வளவு தூரம்?" என்று தாய் கேட்டால், "நான்கு மணி நேரந்தான் அம்மா" என்பான். அவன் சொல்வது பொய்யன்று. சென்னைக்கும் துபாய்க்கும் வான்வழியே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். நேரே செல்லும் விமானம் சுமார் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடும். ஆயினும், அது விமானத்தின் கணக்கு. வீட்டின் கணக்கு வேறு.

பயணச்சீட்டைப் பாருங்கள். நள்ளிரவு 12.45க்குப் புறப்பாடு, 3.15க்கு வருகை. இரண்டரை மணி நேரமே ஆவதுபோல் தோன்றும். திரும்பும்போதோ, இரவு 10 மணிக்குப் புறப்பட்டு 3.30க்கு இறங்குவதாக இருக்கும். இது ஐந்தரை மணி நேரமாகத் தோன்றும். காரணம் யாது? பூமி மணிக்குப் பதினைந்து பாகை சுழல்கிறது. நம் கடிகாரம் கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையையும், துபாயின் கடிகாரம் 60 பாகையையும் ஒட்டி அமைந்தவை. ஆகவே அவர்கள் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியுள்ளனர். சீட்டில் புறப்படும் நேரமும் இறங்கும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படியே அச்சாகின்றன.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நாமறிந்த குடும்பத்தார், 13ஆம் தேதி 12.45 என்று சீட்டில் கண்டு, 13ஆம் தேதி இரவு மகனை வழியனுப்ப மீனம்பாக்கம் சென்றனர். விமானமோ முந்தைய இரவே பறந்துவிட்டது! நள்ளிரவு கடந்ததும் தேதி மாறிவிடும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. கடன் வாங்கிக் கட்டிய பணம் வீணாயிற்று; தாயின் கண்ணீர் மட்டுமே மிஞ்சியது.

சரியான கணக்கு இதுவே: 12ஆம் தேதி இரவு பத்து மணிக்கு முன்னரே விமான நிலையத்தில் இருத்தல் வேண்டும். பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணி வழியாகச் சென்னை விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். மாலை ஐந்து மணிக்கேனும் வீட்டை விட்டுப் புறப்படவேண்டும். மழைக்காலத்தில் ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால் கொசத்தலையில் வெள்ளம் பெருகித் தரைப்பாலங்கள் மூழ்கும். அந்நாளில் இன்னும் முன்னதாகவே கிளம்புதல் நலம். துபாயில் இறங்கும் வேளையில் நம் வீட்டுக் கடிகாரம் விடியற்காலை 4.45 காட்டும். நான்கு மணிப் பயணம் பன்னிரண்டு மணியாகிவிட்டதன்றோ!

எனவே, பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரே, சீட்டு கைக்கு வந்ததும் வீட்டிலுள்ள அனைவரும் ஒன்றாக அமர்ந்து அதைப் படியுங்கள். எந்த நாள் மாலை வீட்டுப் படியிறங்கவேண்டும் என்பதைச் சுவர் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அவன் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வரும்வரை, நமது கடிகாரத்தில் ஒன்றரை மணியைக் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் மனத்திற்கு அது சற்று ஆறுதல் தரும்.