இருப்புப் பாதையும் எழுத்துப் பாதையும்

தந்தையாரின் ஆண்டுத் திதி சென்ற மாதம் வந்தது. "அவர் எழுதி வைத்ததை ஒரு முறை எனக்குப் படித்துக் காட்டுங்கள்" என்று தாயார் கேட்டார். கேட்டது சிறு காரியந்தான். ஆனால் அதை நிறைவேற்ற ஆண்டாப் ஹில்லில் எங்கள் குடும்பம் பட்ட பாடு சிறிதன்று. நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் இதே பாடு காத்திருக்கக் கூடுமாதலால், அதனை இங்கே எழுதலானோம்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1968ஆம் ஆண்டில் பம்பாய் வந்து சேர்ந்த வரலாற்றைத் தந்தையார் நாற்பது பக்கம் எழுதினார். 2003இல் மாட்டுங்காவில் ஒரு டி.டி.பி. கடையில் அதைத் தட்டச்சுச் செய்வித்தார். கையெழுத்துப் பிரதியும் அச்சுப் பிரதியும் 2005 ஜூலை 26ஆம் நாள் வெள்ளத்தில் கரைந்துபோயின. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நாள் அது. பரண்மேல் இருந்த குறுந்தகடு ஒன்றுதான் எஞ்சியது.

முதல் இடையூறு, அத்தகட்டை இடுவதற்கு எங்கள் கணினியில் வாயில் இல்லை. அலுவலக நண்பர் ஒருவரிடம் தகடு படிக்கும் கருவியை இரவல் வாங்கினோம். இரண்டாவது, எழுதுவதற்கென்று வைத்திருந்த மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா முடிந்திருந்தது. கோப்பைக் காட்டுமாம், ஆனால் தொட விடாதாம். மூன்றாவதுதான் பேரிடி. திரையில் ஓர் எழுத்தாவது தமிழாக இல்லை. நாற்பது பக்கமும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள்!

பழுது பார்க்கும் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "கோப்பு கெட்டுவிட்டது. கணினியும் பழையது. புதிதாக வாங்குங்கள்" என்றார். வீட்டிற்கு வந்து சொன்னோம். "அப்படியானால் அவர் எழுதியது போயிற்றா?" என்று தாயார் கேட்டார். எங்களிடம் விடை இல்லை.

விடை அடுத்த வீட்டிலிருந்து வந்தது. கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "அண்ணாச்சி, கோப்பு கெடவில்லை. ஜே, கே, பி, ஓ என்று நான்கு எழுத்து, பிறகு ஓர் அரைப்புள்ளி. இது அடிக்கடி வருகிறதே, பார்த்தீர்களா? பாமினி எழுத்துருவில் அவ்வாறு தட்டினால் 'தமிழ்' என்று விழும்" என்றார்.

அவர் விளக்கியது இது. அந்நாளில் எழுத்துரு செய்தவர்கள், ஆங்கில எழுத்துக்களின் இருக்கைகளில் தமிழ் எழுத்துக்களைத் தத்தம் விருப்பப்படி அமர்த்தினார்கள். ஒருவர் அமர்த்திய வரிசை மற்றவருக்கு ஒவ்வாது. அந்த எழுத்துரு கணினியில் இல்லையேல் தமிழ் மறைந்து ஆங்கில இருக்கை மட்டுமே தெரியும். 1991இல் வெளிவந்த யூனிகோடு முறையோ தமிழுக்கென்றே 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதியை ஒதுக்கியது. தமிழ்நாடு அரசும் 2010இல் அம்முறையை ஏற்றுக்கொண்டது. இன்று கைப்பேசியில் நாம் படிக்கும் தமிழெல்லாம் பெரும்பாலும் அதுவே.

பணம் கேட்காத 'லிப்ரே ஆபீஸ்' என்னும் மென்பொருளை அவர் எங்கள் பழைய கணினியிலேயே ஏற்றினார். கோப்பு திறந்தது, தொடவும் விட்டது. பிறகு, இதுவும் இலவசமான 'என்.எச்.எம். கன்வெர்ட்டர்' மூலம் பாமினியை யூனிகோடாக மாற்றினார். அரைமணி நேரத்தில் தந்தையார் பேசத் தொடங்கினார்!

சிறு பிழைகள் இருந்தன. 'வி.டி.' என்று அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த நிலையப் பெயரையும் அக்கருவி விடாமல் தமிழாக்கி 'ஏவு' என்று வைத்திருந்தது. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டே, இரண்டு மாலைப் பொழுதில் அவற்றைத் திருத்தினோம்.

திதியன்று மாலை படித்தோம். திருநெல்வேலியில் மீட்டர் கேஜ் வண்டி ஏறி எழும்பூரில் இறங்கியதையும், பிராட் கேஜ் வண்டி பிடிக்க சென்ட்ரல் வரை இரும்புப் பெட்டியைத் தலையில் சுமந்து நடந்ததையும் அவர் எழுதியிருந்தார். "தாமே சுமந்ததாகவா எழுதியிருக்கிறார்? என்னிடம் கூலி வைத்ததாக அல்லவா சொன்னார்!" என்று தாயார் சிரித்தார். அச்சிரிப்பைக் கேட்டு வெகு காலமாயிற்று.

இரயில்வேயில் பணி செய்யும் எங்களுக்கு அப்பகுதி வேறொன்றையும் உணர்த்தியது. ஒரு பாதை 1,000 மில்லிமீட்டர், மற்றது 1,676 மில்லிமீட்டர். இரண்டும் சந்திக்கும் நிலையங்களில் மூட்டை முடிச்சுக்களை இறக்கி மாற்றி ஏற்றியாக வேண்டும். அத்தொல்லையைத் தீர்க்கவே 1992இல் ஒரே அகலப் பாதைத் திட்டம் தொடங்கிற்று. இன்று நாகர்கோவிலில் ஏறியவர் மும்பையில்தான் இறங்குகிறார். எழுத்துக்கும் இதுவே நியாயம். ஒரு கடைக்கோ ஓர் எழுத்துருவுக்கோ மட்டும் பொருந்தும் பாதையில் நம் நினைவுகளை ஏற்றிவிட்டால், வழியில் அவை நின்றுபோகும்.

ஆகவே அன்பர்களே, வீட்டிலுள்ள பழைய தகடுகளை இன்றே எடுத்துப் பாருங்கள். கெட்டுவிட்டது என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் எறிந்துவிடாதீர்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று விசாரியுங்கள். யூனிகோடாக மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். தாளிலும் ஒரு பிரதி இருக்கட்டும். கணினி பழையதானால் வேறு வாங்கலாம். எழுதியவர் மீண்டும் எழுத வரமாட்டார்.

தாயாருக்காகப் பெரிய எழுத்தில் ஒரு பிரதி அச்சிட்டிருக்கிறோம். அவர் அதை அந்த இரும்புப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார்.