எந்தப் பீரங்கிகள்?

ஓவியங்களில் காணும் போர்க்களம் ஒழுங்கானது. கொடியும் குதிரையும் தளபதியும் தத்தம் இடத்தில் நிற்பர். ஆனால் போரை நேரில் அறிந்த பிரஷ்யப் படை அதிகாரி கிளாஸ்விட்ஸ், களத்தில் எடுக்கும் முடிவுகளுக்கு அடிப்படையானவற்றுள் முக்கால் பங்கு மூடுபனியில் மறைந்திருப்பதாக எழுதி வைத்தார். அவர் மறைந்தபின், 1832-இல் அந்நூல் வெளியாயிற்று. அந்தப் பனி எதனால் ஆனது என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

1854 அக்டோபர் 25, கிரிமியாவின் பாலக்லாவா. ஆங்கிலேயத் தளபதி ரக்லன் பிரபு உயர்ந்த குன்றின்மேல் நிற்கிறார். துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர் கொண்டுசெல்ல முயல்வதாக அங்கிருந்து தோன்றுகிறது. அதைத் தடுக்குமாறு ஆணை எழுதப்படுகிறது. கேப்டன் நோலன் அதைச் சுமந்து விரைகிறார். கீழே நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கோ, இடையிலிருந்த மேடுகளால் அப்பீரங்கிகள் தென்படவில்லை. எந்தப் பீரங்கிகள் என்று வினவுகிறார். நோலன் சினத்தோடு கையை வீசிக் காட்டுகிறார். பள்ளத்தாக்கின் கோடியிலிருந்த ரஷ்யப் பீரங்கி வரிசையையே அவர் சுட்டுவதாக லூக்கன் கொள்கிறார்.

நோலனுக்கு லூக்கனிடம் மதிப்பில்லை. லூக்கனுக்கும், தாக்குதலை முன்னின்று நடத்திய அவருடைய மைத்துனர் கார்டிகனுக்கும் நெடுநாள் பகை. இன்னொரு முறை கேட்டுத் தெளிய எவருக்கும் மனம் வரவில்லை. ஏறத்தாழ 670 வீரர் அப்பள்ளத்தாக்கில் இறங்கினர். நூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அணிக்கு முன்னே பாய்ந்து ஏதோ கூவிய நோலன், தொடக்கத்திலேயே வீழ்ந்தார். திசையைத் திருத்தத்தான் கூவினாரா என்பது இன்றுவரை எவரும் அறியாதது.

கருவிகள் வளர்ந்தால் இப்பனி விலகும் என்பர். 1988 ஜூலை 3 அன்று பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானியப் பயணியர் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேரும் மாண்டனர். விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்ததைக் கப்பலின் கருவிகள் சரியாகவே பதிந்திருந்தன. அது தாக்குவதற்காக இறங்கி வருகிறதென்று கப்பலில் இருந்தோர் நம்பினர்.

அங்கே செருக்கு, இங்கே அச்சம். வெடிமருந்துப் புகையைக் காற்று கலைத்துவிடும். நெஞ்சில் மண்டும் புகையைக் கலைக்க, மீண்டும் ஒருமுறை கேட்கும் பணிவு வேண்டும்.

லூக்கனும் கார்டிகனும் உயிரோடு மீண்டனர். கேட்கக் கூடியவர்கள் கேளாது விட்டதற்கு, கேட்க உரிமையற்ற சிப்பாய்கள் உயிரை ஈந்தனர். வளைகுடாவின் மேலே பறந்த பயணியருக்கோ, தங்களைக் குறித்து ஓர் ஐயம் எழுந்திருப்பதுகூடத் தெரியாது.