மொய் நோட்டு

வேலூர் பாகாயத்தில், சி.எம்.சி. மருத்துவமனையின் மறுவாழ்வு மையத்தில் மேளா. இங்கே சிகிச்சை முடித்து ஊர் திரும்பியவர்களை ஆண்டுதோறும் மறுபடி வரவழைத்து, உடம்பைப் பரிசோதித்து, விளையாட விட்டு, பாட விட்டு, ஒருவரோடு ஒருவர் பேச விடுகிற விழா. உறவினர் ஒருவருக்குத் துணையாக வந்தவன் நான். அவர் டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார். மர நிழலில் எனக்கு ஒரு பெஞ்சு கிடைத்தது.

எதிரே ஏழெட்டு வீல்சேர்கள் வட்டமாக நின்றன. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், பைக்கில் போய் லாரியில் மோதியவர். தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது ஒருவர் கைப்பிடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி உடம்பை அப்படியே மேலே தூக்குகிறார். சற்று நேரம் நிறுத்திவிட்டு இறக்குகிறார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர். பேச்சு நிற்பதில்லை. ஒரே இடத்தில் அழுந்தி உட்கார்ந்தால் அங்கே ரத்தம் ஓடாமல் தோல் செத்துப் புண்ணாகிவிடும். வலிக்காது, அதனால் தெரியாது. நாம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கிற மாதிரி அவர்கள் ஒருவரையொருவர் "புண்ணு இல்லையே?" என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

வட்டத்தில் ஒருவர் செங்கம் பக்கம். வயது நாற்பத்தைந்து இருக்கும். தென்னையிலிருந்து விழுந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். அவருக்கு நேர் எதிரே ஒரு பையன், இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவன். வீடு திரும்பி எட்டு மாதம். அவன் அம்மா பின்னால் நின்று வீல்சேரின் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். பிரேக் போட்டு நிறுத்தியிருந்த வண்டி அது.

"டீக்கடைக்குப் போறியா தம்பி?" என்று செங்கத்துக்காரர் கேட்டார்.

"அவன் எதுக்குப்பா போவணும்? நான் சொம்புல வாங்கியாந்து குடுத்துட்றேன்" என்றாள் அம்மா.

"கூட்டாளிங்க வராங்களா?"

"மொதல்ல வந்தாங்க. எல்லாம் வேலைக்குப் போற புள்ளைங்க, பாவம்."

"சொந்தத்துல கல்யாணம் காட்சின்னா?"

"நான் போய்ட்டு வந்துருவேன். பத்திரிகை வைக்க வர்றவங்களே, அவன் எதுக்கு அலையணும், நீ மட்டும் வாக்கான்னு சொல்லிட்டுப் போறாங்க."

"அம்மா, நான் தம்பியக் கேட்டேன்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை.

பையன் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. ராத்திரியில் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து மகனைப் புரட்டிப் படுக்கவைக்கிற கை அது. எட்டு மாதமாக அவள் முழுத் தூக்கம் தூங்கியிருக்க மாட்டாள். அந்தப் பாசம்தான் அவனுக்குப் பதிலாக வாயையும் திறக்கிறது. சொந்தக்காரர்களும் கெட்டவர்கள் இல்லை, சிரமம் கொடுக்க வேண்டாம் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் "நீ வர வேண்டாம்" என்பதை எத்தனை கனிவாகச் சொன்னாலும் கேட்கிறவனுக்கு அதே அர்த்தம்தான்.

செங்கத்துக்காரர் தன் கதையைச் சொன்னார். அவரும் மூன்று வருஷம் திண்ணையைத் தாண்டவில்லை. ஒருநாள் பங்காளி வீட்டுக் கல்யாணம். வழக்கமாக மொய் எழுதுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். இவர் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று தெரிந்த பெண்ணின் தாய்மாமன் விடிகாலையில் வந்து நின்றாராம். "எழுத ஆள் இல்லடா, கெளம்பு."

"பரிதாபப்பட்டுக் கூப்புடல தம்பி. ஆள் இல்லன்னு கூப்புட்டாரு. அதான் போனேன். மண்டபத்துல ஏழு படி. நாலு பேரு சேரோட தூக்கினாங்க. வெக்கத்துல கண்ண மூடிக்கினேன். ஆனா மொய் நோட்டு முன்னால உக்காந்துட்டேன்னு வச்சுக்க, ஊரே வந்து குனிஞ்சு பேசணும். பேரு சொல்லணும், ஊரு சொல்லணும். மூணு வருஷமா எட்டிப் பாக்காதவன்கூட 'எப்படிப்பா இருக்கே'ன்னு கேக்காம அந்த மேசையத் தாண்ட முடியல."

இதைக் கேட்டபோது, இந்த மையத்தை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் என் நினைவுக்கு வந்தார். 1954-இல் வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு அவரும் வீல்சேருக்கு வந்தவர். இனி என்ன என்று இருந்தபோது, உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை ஒன்று இருந்தது: தொழுநோயில் மடங்கிப்போன கைவிரல்களைச் சீராக்குவது. டாக்டர் பால் பிராண்டிடம் அதைக் கற்றுச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் இந்த மையம் வந்தது. அறுவை மேசையும் மொய் மேசையும் ஒன்றில்லைதான். இரண்டிடத்திலும் உட்கார்ந்திருப்பவரைத் தேடி ஆள் வர வேண்டியிருக்கிறது. எனக்கு அது போதும்.

செங்கத்துக்காரர் டீக்கடைக்குப் போனது அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு. கடை வாசலில் அரை அடிப் படி. முதலில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டார்கள். செங்குத்தாக இருந்ததால் வண்டி பின்னால் சாய்ந்தது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டும் என்று இங்கே கற்றுக்கொண்டு போயிருந்தார். அரை அடிக்கு ஆறடி. கடைக்காரரே சிமெண்டு பூசிக் கொடுத்தார். இப்போது பால்காரர் கேனோடு சைக்கிளை அதில்தான் உருட்டி ஏற்றுகிறாராம், முழங்கால் வலிக்கார ஆயாக்கள் அதில்தான் ஏறுகிறார்களாம்.

பையன் நிமிர்ந்தான். அவ்வளவு நேரத்தில் அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

"அண்ணா, மொய் எழுத அஞ்சாறு மணி நேரம் உக்காரணும்ல. ட்யூப் வைக்க எங்கண்ணா போவீங்க?"

மரத்தடியில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சிறுநீர் தானாகப் பிரியாதவர்கள் நாலைந்து மணிக்கொரு தரம் தாங்களே சிறு குழாய் செலுத்தி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெடும். வீட்டை விட்டு வெளியே போவது என்றால் அவனுக்கு முதல் கேள்வி இதுதான். அம்மா கைப்பிடியை விட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத நாளே மண்டபத்துக்கு ஆள் அனுப்பிக் கதவ அளந்து பாத்துருவேன் தம்பி. வீல்சேரு நொழையாதுன்னா மாப்ள ரூம்ல பத்து நிமிசம் கேட்டு வாங்கிக்குவேன். நெறைய எடத்துல நொழையாது."

கல்யாண மண்டபம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு கழிப்பறைக்காவது கதவை 3 அடி அகலத்தில் வையுங்கள்.